நேர்ந்துவிட்ட சேவலும் மண் நிற முட்டைகளும்

மேட்டுத் தெருவை ஆண்பிள்ளை இல்லாத தெரு என்று யாராவது கேலி செய்தால் அந்தத் தெருப் பெண்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளதைச் சொன்னால் என்ன கோபம் என்று முறத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மேடும் பாறையுமாகக் கிடக்கும் அந்தத் தெருவின் ஆண்கள் எல்லோரும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி ஏறிப் போனவர்கள். சொந்த ஊர்ப் பாறை அவர்களுக்குத் தண்ணீர் தராததால் வடக்கே போய், பேர் வாயில் நுழையாத ஊர்களில் பூமியைத் துளைத்து, யார் யார் வீட்டுக்கோ தண்ணீரை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நோம்பி, திருவிழா என்று வந்து தலையைக் காட்டி, துவைத்துப் போட்ட சட்டை காயும் முன்னே மறுபடியும் ஏறிப்போய்விடுவார்கள். மிச்சமிருப்பது பெண்களும் வயசானவர்களும் கோழிகளும்தான்.

கோழி என்றதும் பண்ணைக் கோழியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சீமையே பண்ணைக் கோழிச் சீமை. நீள நீளமான கொட்டகைகளில் வெள்ளைக் கோழிகள் வெள்ளை முட்டையாகப் போட்டுத் தள்ள, லாரி லாரியாக அவை நாடெங்கும் போய்க்கொண்டிருக்கும். ஆனால் சேவலின் முகத்தையே பார்க்காத கோழி போட்ட முட்டை அது, அடைவைத்தால் பொரிக்காது. அதனால் மேட்டுத் தெருவில் வெள்ளை முட்டைக்கு உசிரில்லாத முட்டை என்று பேர், கடையில் கேட்கும்போதுகூட "உசிரில்லாததுல நாலு குடுங்" என்றுதான் கேட்பார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தத் தெருவில் சம்பூரணம் என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் அர்த்தநாரி போர் வண்டி டிரைவர், கோழி என்றால் அவனுக்குப் பைத்தியம். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, ஆசைக்குக் கோழி வளர்க்கும் யாரிடமோ வழியில் வாங்கியதாகச் சொல்லி, லுங்கியில் சுற்றித் தூக்குப்போசிக்குள் வைத்து, நீலமும் பச்சையுமாகக் கொஞ்சம் முட்டைகளைக் கொண்டுவந்தான். அவன் அம்மா ராமாயி அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெயிண்டு அடிச்சு ஏமாத்திப்போட்டானுக சாமி" என்றாள். சொன்னாளே தவிர, கூடையில் மணலைப் பரப்பி, இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் போட்டு, அடைக்கு உட்கார்ந்திருந்த நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியில் அவளேதான் வைத்தாள். பொரித்த குஞ்சுகளுக்குக் கன்னத்தில் தாடியும் பச்சைக் கால்களும் இருந்தன. ஊசி போட வந்த கால்நடை மருத்துவர், வாசலில் மேய்ந்த வீட்டுச் சேவலைக் காட்டி, "இது வெளிநாட்டு ஜாதி. உங்க செவலைச் சேவலோட சேர்ந்து கலப்புக் குஞ்சு பொறந்தா, அது எந்த நிறத்துல வேணும்னாலும் முட்டை போடும், பயந்துக்காதீங்க" என்றார். எந்த நிறத்தில் வேண்டுமானாலும் என்ற அந்தப் பேச்சில் எவ்வளவு அடங்கியிருந்தது என்று பாவம் அவருக்கே தெரியாது.

தாடிக்கோழிகள் பருவத்துக்கு வருமுன்னே அர்த்தநாரி வண்டியேறிவிட்டான். அந்த மழைக்காலத்தில், எங்கோ வடக்கே, அவன் ஓட்டிய வண்டி ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து அதைப் புரட்டிப்போட்டது. கூடப் போனவர்கள் மரத்தைப் பிடித்தும் பாறையைப் பிடித்தும் ஆளுக்கொரு பக்கமாகக் கரையேறினார்கள், அடுத்த வீட்டுக் குமரேசனும் அதில் ஒருவன். அர்த்தநாரியை மட்டும் காணவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. குமரேசன் ஊருக்கு வந்து, சம்பூரணத்தின் வாசலில் நின்று, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பூரணம் அழவில்லை. செவலைச் சேவலைப் பிடித்து, அதன் காலில் மஞ்சள் துணியைக் கட்டி, ஊர் எல்லையிலிருக்கும் முனியப்பன் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, "எங்கூட்டுக்காரரு தன் கால்ல நடந்து என் வாசலுக்கு வந்து சேரோணும். வந்தா இந்தச் சேவல் உனக்கு" என்று நேர்ந்துவிட்டாள். ராமாயி பக்கத்தில் நின்று கும்பிட்டாள்.

நேர்ந்துவிட்ட சேவல் என்றால் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. அதை அடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது, கல்லெடுத்துக் காட்டக் கூடாது. கொல்லைப்புறத்தில் நுழைந்து காயப்போட்ட கம்பைக் கொத்தினாலும் சாமி தின்கிறது என்று ஒதுங்கி நிற்க வேண்டும். செவலைச் சேவல் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டது. மேட்டுத் தெருவின் எல்லாக் கோழிப் பட்டிகளிலும் மாப்பிள்ளை மாதிரி போய் வந்தது, மற்றச் சேவல்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. சம்பூரணம் தாடிக்கோழிகளைத் தெருவுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்திருந்தாள், அதனால் அடுத்த ஈடு அடைவைத்தபோது மேட்டுத் தெருவில் பொரித்த குஞ்சுகள் அத்தனைக்கும் அதுதான் அப்பன்.

அந்தக் கலப்புக் குஞ்சுகள் வளர்ந்து விடைக்கோழிகளாகி முட்டைக்கு வந்தபோது, முதலில் குமரேசனின் மனைவி வசந்தா வீட்டுக் கோழி செங்கல் நிறத்தில் ஒரு முட்டை போட்டது. குமரேசன் அப்போது வேறொரு வண்டியில் ஏறிப் போயிருந்தான். அன்றைக்கு அவன் செல்போனில் முகம் காட்டிப் பேசியபோது, அவனுக்குப் பின்னால் துளையிலிருந்து பீறிட்டு வந்து குவிந்திருந்த மண்ணை வசந்தா பார்த்தாள், கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள், "கொஞ்சம் கீழ குனிஞ்சு அந்த மண்ணை எடுத்துக் காட்டுங்" என்றாள். அதே நிறம். அடுத்த வாரம் வண்டி கரிசல் பூமிக்கு நகர்ந்தது, அவன் நகர்ந்த செய்தியைச் சொல்லுமுன்னே கோழி கறுப்பு முட்டை போட்டுவிட்டுக் கொக்கரித்தது. அதற்குள் தெருவின் மற்ற வீடுகளிலும் அப்படியேதான் என்று தெரிந்துபோனது. எந்த வீட்டு ஆண் எந்த மண்ணில் கால் ஊன்றி நிற்கிறானோ, அந்த வீட்டுக் கோழி அந்த மண்ணின் நிறத்தில் முட்டை போட்டது.

இதைக் கண்டு மேட்டுத் தெரு வாய்பிளந்து நின்றது ஒரு பொழுதுக்குத்தான். மறுநாளே அது உலை வைப்பது போல, கோலம் போடுவது போல ஒரு வேலையாகிவிட்டது. காலையில் கூடைக்குள் கையை விடுவதும், எடுத்த முட்டையை வாசலுக்குக் கொண்டுவந்து நாலு பேர் நடுவில் பிடித்து, "இது சுக்கான் மண்ணு, இன்னிக்குத் தண்ணி கிடைக்காது, மனுசன் எரிஞ்சு விழுவான், நான் போன் பண்ண மாட்டேன்" என்று ஒருத்தி சொல்வதும், "எங்குளுது களிமண்ணு, வண்டி சக்கரம் புதைஞ்சிருக்கும்" என்று இன்னொருத்தி அலுத்துக்கொள்வதும் வழக்கமாயின. ஒருத்தி, வேலை மும்முரமாக நடக்கிறது என்று போனில் சொன்ன புருஷனை, "அப்புறம் ஏனுங் முட்டை கடற்கரை மணலா வந்திருக்குது? கோயிலு குளம்னு சுத்துறீங்களா?" என்று கேட்க, அவன் போனை வைத்துவிட்டான். அந்த வாரத்திலிருந்து மேட்டுத் தெருவின் ஆண்கள் பொய் சொல்வதை விட்டுவிட்டார்கள், கோழிக்குப் பயந்து யோக்கியமானவர்கள் என்று அவர்களுக்குப் பேரும் வந்தது.

ஒன்றுதான் யாராலும் முடியவில்லை. தன் புருஷன் நிற்கிற மண்ணைத் தன் கையாலேயே உடைத்துச் சட்டியில் ஊற்ற எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. முட்டைகள் உறியில் சேர்ந்து கெட்டுப்போகத் தொடங்கின. அதனால் மாற்றிக்கொண்டார்கள். வசந்தா வீட்டு முட்டை சம்பூரணத்துக்கு, சம்பூரணம் வீட்டு முட்டை வசந்தாவுக்கு என்று, அடுத்தவள் புருஷனின் மண்ணை ஆளுக்காள் பொரியல் செய்து சாப்பிட்டார்கள். ருசியில் வித்தியாசம் ஏதும் இல்லை.

சம்பூரணத்தின் கோழி என்ன போட்டது என்றுதானே கேட்கிறீர்கள். அது ஆற்று வண்டல் நிறத்தில் போட்டது. முதல் முட்டையை எடுத்துக்கொண்டு ஓடி மாமியாரிடம் காட்டினாள், இருவரும் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறான், மண் இருக்கிறதென்றால் மனுஷனும் இருக்கிறான் என்று பாதித் தெரு சொன்னது. மீதித் தெரு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாதது சம்பூரணத்துக்குக் கேட்டது. முட்டை மண்ணைத்தான் காட்டும், அந்த மண்ணுக்கு மேலே இருக்கிறானா அடியில் கிடக்கிறானா என்று அது காட்டாது. வண்டல் நிற முட்டைகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன, நிறம் கொஞ்சமும் மாறவில்லை.

வெள்ளம் வந்து வருஷம் திரும்பப் போகிற சமயத்தில், அர்த்தநாரியின் சித்தப்பா வையாபுரி வந்து உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் அல்ல, மோர் கூடக் குடிக்காமல் வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேசினார்.

"வருசம் ஆகப்போவுது அம்மிணி. காரியம் பண்ணாம உட்டா அந்த உசிரு தாகத்துல அலையும். ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தவன் தாகத்துல அலையலாமா?"

சம்பூரணம் கழுத்துத் தாலியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்டுக் கோழி நிறத்தோட முட்டை போடுற வரைக்கும் நான் தாலியக் கழட்ட மாட்டனுங் சின்ன மாமா. நிறம் போச்சுன்னா நீங்க சொல்றதக் கேக்கறேன்" என்றாள்.

யாரும் கேட்காமலே அவள் கொடுத்த வாக்கு அது. கோபத்தில் கொடுத்தாளா, கோழியின் மேல் வைத்த நம்பிக்கையில் கொடுத்தாளா என்று அவளுக்கே தெரியாது. மறுவாரம் ஒரு காலையில் கூடைக்குள் கைவிட்டு எடுத்தபோது, முட்டை வெள்ளையாக இருந்தது.

பண்ணை முட்டை போல அப்பழுக்கில்லாத வெள்ளை. மறுநாளும் வெள்ளை, அதற்கடுத்த நாளும் வெள்ளை. உசிரில்லாத முட்டை என்று தெருவில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வழக்கம்போல் முட்டை மாற்றப் போனபோது வசந்தா கையை நீட்டாமல், "இருக்கட்டுங் அக்கா, நீங்களே வெச்சுக்குங்" என்று உள்ளே போய்விட்டாள். அந்தக் கை நீளாததைப் பார்த்த பிறகுதான் சம்பூரணம் ஒரு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்துவிட்டு வையாபுரிக்கு ஆள் அனுப்பினாள்.

காரியத்துக்கு நாள் குறித்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். பூசாரி வந்தார், பங்காளிகள் வந்தார்கள், உடம்பு இல்லாத குறைக்குப் பாயில் அவன் சட்டையையும் வேட்டியையும் மடித்து வைத்தார்கள். கோழி அன்றைக்கும் வெள்ளை முட்டைதான் போட்டது. ராமாயி அதை எடுத்து வந்து, இதையும் எம்புள்ள துணியோடு வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, வைக்குமுன் ஒருமுறை முத்தம் கொடுத்தாள். கொடுத்தவள் உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டாள், மறுபடியும் முட்டையில் வாயை வைத்தாள்.

"உப்புக் கரிக்குது" என்றாள்.

"அழுத கண்ணீருங் அத்தே" என்றாள் சம்பூரணம்.

"எங்கண்ணுல தண்ணி வத்திப்போயி எத்தன நாளாச்சு புள்ள. நீ நக்கிப் பாரு."

சம்பூரணம் முட்டையை வாங்கி, சொம்புத் தண்ணீரில் கழுவி, முந்தானையால் துடைத்து, நாக்கை வைத்தாள். உப்பு. கல்லுப்பை வாயில் போட்டால் எப்படிக் கரிக்குமோ அப்படிக் கரித்தது. அவள் அதை வையாபுரியிடம் நீட்டினாள். அவர் நக்கினார். அவரிடமிருந்து பூசாரி வாங்கி நக்கினார், பங்காளிகள் நக்கினார்கள். துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுவதும் ஒரு முட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி, குழந்தை முதல் கிழவர் வரை, வரிசையாக நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தது. எச்சில் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவரும் நக்கிய பிறகு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

விடுப்பில் வந்திருந்த, போர் வண்டியில் துளை போடும் டிரில்லர் ஒருவன்தான் முதலில் பேசினான். "குஜராத்துப் பக்கம் உப்புப் பூமி ஒண்ணு இருக்குதுங். பார்க்கிற தூரத்துக்கெல்லாம் தரையே வெள்ளை. சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும்."

"அப்படின்னா நிறம் போகல. மண்ணுதான் மாறியிருக்குது" என்றாள் சம்பூரணம்.

ராமாயி பாயில் மடித்து வைத்திருந்த மகனின் சட்டையை எடுத்து உதறினாள். "செத்தவன் எடம் மாறுவானா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து வசந்தா எழுந்து தன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அன்றைய முட்டை இருந்தது, கரிசல் கறுப்பு, ஆனால் கூர்முனையில் மட்டும் மாவில் தொட்டெடுத்தது போல வெள்ளை படிந்திருந்தது. அவள் அதன் முனையை நக்கினாள். உப்புக் கரித்தது. "எங்கூட்டுக்காரரு பக்கத்துலதான் இருக்காருங் அக்கா" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.

குமரேசன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, கரிசல் முடிந்து உப்பு தொடங்குகிற இடத்திலிருந்து உப்பளம் உப்பளமாகத் தேடிப் போனான். வெள்ளை வெளேரென்ற வெயிலில் உப்பை வாரிக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பின்னாலிருந்தே அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கூப்பிட்டதும் அர்த்தநாரி திரும்பினான், பார்த்தான், மண்டியிட்டுக் குனிந்து குமரேசனின் கால் தரையில் படுகிறதா என்று தொட்டுப் பார்த்தான். கூட வந்தவர்கள் எல்லோரையும் தானே வண்டியோட்டிக் கொன்றுவிட்டதாக நினைத்து, எந்த முகத்தோடு அவர்கள் வீடிருக்கும் தெருவுக்குள் நுழைவது என்று அஞ்சி, காயம் ஆறும்வரை ஆற்றங்கரையில் ஒரு மீனவக் குடிசையிலும், அதன் பிறகு தன்னை யாருக்கும் தெரியாத உப்பு வெளியிலும் ஒளிந்து கிடந்திருக்கிறான். இங்கே அவனுக்கு அழுதார்கள், அங்கே அவன் இவர்களுக்கு அழுதுகொண்டிருந்தான்.

அவர்கள் இருவரும், வண்டியேற அர்த்தநாரி அஞ்சியதால் நடந்தே, ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்து மேட்டுத் தெரு அடுப்பு மூட்டுவதற்கு முன் சம்பூரணத்தின் வாசலில் கூடியது. வெள்ளை போய்க் கறுப்பு வந்தது, கறுப்புப் போய்ப் பழுப்பு வந்தது, பிறகு வரட்டியின் நிறம், பிறகு செம்புறாங்கல்லின் சிவப்பு. ஒவ்வொரு முட்டையையும் சம்பூரணம் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள், தெரு மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். ஒரு மனுஷன் நாட்டின் குறுக்கே நடந்து வருவதை, வீட்டில் இருந்துகொண்டே, உள்ளங்கைச் சூட்டில் அவர்கள் பார்த்தார்கள். கும்பிடத் தோன்றியவர்கள் கும்பிட்டார்கள். மற்றவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் கூடை காலியாக இருந்தது. கோழி வாசலில் இறங்கி நின்று, போட்டுவிட்டேன் போட்டுவிட்டேன் என்று தெரு அதிரக் கொக்கரித்தது. ஆனால் முட்டையைக் காணோம். காக்கை தூக்கிவிட்டதா என்று கூரையைப் பார்த்தார்கள், நாயின் வாயைத் திறந்து பார்த்தார்கள். நிறம் போனால் போனது, முட்டையே இல்லாமல் போனால் அதற்கென்ன அர்த்தம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சம்பூரணம் அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்து கையை ஊன்றினாள்.

ஊன்றிய கைக்குப் பக்கத்தில் சூடாக ஏதோ உருண்டது. அவள் பார்த்தாள், ஒன்றும் இல்லை. தடவினாள், இருந்தது. வாசல் மண்ணின் அதே மங்கல் சிவப்பு, அதே சரளைப் புள்ளிகள், பெருக்கின விளக்குமாற்றின் கோடுகள்கூட அதன் மேல் இருந்தன. தூக்கிப் பிடித்த பிறகுதான் அது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ராமாயி முட்டையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி சேத்திப் போடு அம்மிணி" என்றாள்.

உலை கொதிக்கையில் அர்த்தநாரி தன் கால்களால் நடந்து தெருவுக்குள் வந்தான். பாதத்து வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. குமரேசனின் கையை அவன் விடவே இல்லை.

இனி அந்தச் சேவல் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஆள் வந்துவிட்டான், சேவல் முனியப்பனுடையது, கடனைக் கழிக்க வேண்டும். சம்பூரணம் மஞ்சள் நீரும் மாலையுமாகச் சேவலைத் தூக்கிக்கொண்டு முனியப்பன் கோயிலுக்குப் போனபோது மேட்டுத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். அப்பன் போய்விட்டால் இனிப் பொரிக்கிற குஞ்சுகள் வெறும் கோழிகளாகிவிடுமோ, ஆண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரியாமல் போகுமோ என்று அவர்களுக்குப் பயம், ஆனால் சாமிக்குக் கொடுத்த சொல்லை மாற்றச் சொல்ல யாருக்கு வாய் வரும். பூசாரி அரிவாளைக் கழுவுகிற நேரத்தில் வசந்தா முன்னால் வந்தாள், மறுபடி வண்டியேறிப் போயிருந்த குமரேசனை நினைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் துணியை அதே சேவலின் காலில் கட்டினாள். "சாமி, எங்கூட்டுக்காரரும் தன் கால்ல வீடு வந்து சேரோணும். வந்தா இந்தச் சேவல் உனக்கு." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து கட்டினாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சேவலின் கால்கள் தெரியாமல் போயின.

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். அவருடைய மகனும் ஒரு வண்டியில் வடக்கே போயிருந்தான். "ஒரே சேவல எல்லாருமா நேந்துட்டீங்க. எல்லாரு வேண்டுதலும் பலிச்சாத்தான் அறுக்க முடியும். அதுவரைக்கும் சாமி காத்திருப்பாரு" என்றார். சொல்லிவிட்டுத் தன் இடுப்பிலிருந்த துண்டை ஓரமாகக் கிழித்து அவரும் ஒன்றைக் கட்டினார்.

மேட்டுத் தெருவின் எல்லா ஆண்களும் ஒரே நாளில் வீட்டிலிருந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் செவலைச் சேவல் இன்றைக்கும் துணி கட்டிய கால்களோடு எல்லாப் பட்டிகளிலும் நுழைகிறது, கம்பைக் கொத்துகிறது, கூவுகிறது. அது கூவியதும் பெண்கள் கூடைக்குள் கையை விட்டு, சிவப்போ கறுப்போ பழுப்போ, ஒரே பார்வையில் தங்கள் முட்டையை எடுத்துவிடுகிறார்கள். அர்த்தநாரி அதன் பிறகு வண்டியேறவில்லை. முட்டை எங்கே விழுந்தது என்று வாசலில் மண்டியிட்டு, மண்ணைக் கையால் துழாவி, தினமும் கஷ்டப்பட்டுத் தேடுகிறவள் அந்தத் தெருவிலேயே சம்பூரணம் ஒருத்திதான்.